ஜமீன் சொன்னது

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அம்பலவாணனுக்கு ஒரு குரு வாய்த்தார். வயதில் அவரைவிட ரொம்ப இளையவர், பெண். பெயர் பிலோமினா. மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு மைதானமும் வரிசையாகக் கூண்டுகளும் வைத்துக்கொண்டு நாய்களைப் பழக்கி வந்தார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் பிலோமி மாஸ்டர்.

அம்பலவாணன் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆலையை மூடியதும் மற்றவர்கள் வேறு ஆலைகளைத் தேடிப் போனார்கள். இவர் நாய்களைத் தேடி வந்தார். ஏன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் கருவாயன் கதையைச் சொல்வார்.

கருவாயன் அவர் சிறுவயதில் வளர்த்த தெருநாய். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும். அப்பா கையை ஓங்கினால் குறுக்கே வந்து விழும். கழுத்தைக் கட்டிக்கொண்டால் வெட்கப்பட்டதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அன்றைக்கு அழுத அழுகையை அவர் அப்பாவின் சாவுக்குக்கூட அழவில்லை.

“நாய்னா எனக்கு உயிர் மாஸ்டர். நாய்களுக்கும் என்னைப் பார்த்த உடனே பிடிச்சிரும்” என்றார் முதல் நாள்.

பிலோமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கூண்டு கழுவுவீங்களாண்ணே?”

“என்ன சொன்னாலும் செய்யிறேன்.”

“கழுவுங்க. சோறு வைங்க. தொடாதீங்க. பாருங்க.”

அம்பலவாணன் கழுவினார், சோறு வைத்தார், பார்த்தார். பொழுது சாயும்போது பிலோமி கேட்பார்.

“இன்னைக்கு என்ன பார்த்தீங்க?”

“அந்தக் கறுப்பு நாய்க்கு என் மேல ஒரு பாசம் வந்திருச்சு மாஸ்டர்.”

“அது நீங்க நெனச்சது. பார்த்தது என்ன?”

அம்பலவாணனுக்கு முகம் சுண்டிப்போகும். நாய்களோடு பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து இந்தப் பொண்ணு கேட்கிற கேள்வியா இது என்று மனசுக்குள் பொருமிக்கொள்வார். வெளியே சொல்லமாட்டார்.

பிலோமியின் இடது கையில் முழங்கைக்குக் கீழே சதை பிய்ந்து ஆறிய பெரிய தழும்பு இருந்தது. ஒருநாள் அம்பலவாணன் துணிந்து கேட்டுவிட்டார்.

“இப்படி கடி வாங்கின பிறகுமா இந்த வேலைக்கு வந்தீங்க?”

“கடைசிக் கூண்டுல தண்ணி இல்லண்ணே. ஊத்திட்டு வாங்க” என்றார் பிலோமி.

அந்தக் கோடையில்தான் ஜமீன் வந்தது.

வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் நாய். டைல்ஸ் கடை முதலாளி சௌந்தரபாண்டியன் குட்டியிலிருந்து வளர்த்தது. வளர்த்தது என்றால், கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டது. தெருவில் போகிற பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று கல்லால் எறிவார்கள். கடைசியில் சோறு வைக்கப் போன வாட்ச்மேன் கையைக் கடித்துவிட்டது.

“ஊசியைப் போட்டு முடிச்சிருங்கன்னு வீட்டுல சொல்றாக. எனக்குத்தான் மனசு வரல” என்றார் சௌந்தரபாண்டியன். “அடுத்த மாசம் பேத்திக்குக் காதுகுத்து. வீட்டுலதான் விசேஷம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க மாஸ்டர்.”

பிலோமி நாயைக் கூண்டில் விட்டு, வெளியே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாயை நேராகப் பார்க்கவே இல்லை. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தார்.

“இது கூட்டத்துக்கு ஆகாதுங்க. தோட்டத்துல, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல, ஒருத்தர் கைக்கு மட்டும் பழக்கி வச்சுக்கலாம். அதுக்கே காலம் பிடிக்கும். விசேஷம் முடியிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்.”

சௌந்தரபாண்டியன் அரை மனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அம்பலவாணனுக்கோ ஜமீனைப் பார்த்ததிலிருந்து வேறு ஞாபகமே இல்லை. நிறம் மட்டும்தான் வேறு; காதை மடக்கும் விதம், ஓரக்கண்ணால் பார்க்கும் விதம் எல்லாம் அப்படியே கருவாயன். மாஸ்டர் மைதானத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஒரு துண்டுக் கறியைக் கம்பிக்குள் நீட்டினார். ஜமீன் வாங்கிக்கொண்டது. மறுநாள் விரலால் அதன் நெற்றியைத் தொட்டார். அது அசையாமல் நின்றது.

அந்தச் சமயத்தில் பிலோமியின் அம்மாவுக்குத் திண்டுக்கல்லில் கண் ஆபரேஷன். போகும்போது பிலோமி சொன்னார்.

“யார் வந்தாலும் நான் வந்து பேசுறேன்னு சொல்லிருங்கண்ணே. ஜமீன் கூண்டுக்குள்ள போகாதீங்க.”

“சரி மாஸ்டர்.”

அவர் வண்டி மறைந்த அன்றைக்கே அம்பலவாணன் கூண்டுக்குள் போனார். ஜமீன் மூலைக்குப் போனது. அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜமீன் எழுந்திருக்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டார். அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்துத் தன் நாய் தன்னிடமே திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியது.

காதுகுத்துக்கு முந்தின நாள் சௌந்தரபாண்டியன் வந்தார்.

“மாஸ்டர் இல்லையா? சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். எப்படி இருக்கான் நம்ம பய?”

மாஸ்டர் வந்து பேசுவார் என்ற வார்த்தை அம்பலவாணன் வாய்வரைக்கும் வந்தது. கேட்டவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

“நீங்களே பாருங்கய்யா” என்று கூண்டைத் திறந்து உள்ளே போனார். ஜமீன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். “பச்சப் பிள்ளைங்கய்யா இது.”

சௌந்தரபாண்டியன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

“அப்ப கூட்டிட்டுப் போகலாமா?”

அம்பலவாணன் போனைக் கையில் எடுத்தார். மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். மாஸ்டர் திரும்பி வரும்போது காலிக் கூண்டைக் காட்டி, ‘நான் சரி பண்ணி அனுப்பிட்டேன்’ என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் முற்பகலில் பிலோமி திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தும்போதே கண் கூண்டுப் பக்கம் போனது.

“ஜமீன் எங்கண்ணே?”

அம்பலவாணன் சிரித்தார். “வீட்டுக்குப் போயிருச்சு மாஸ்டர். நல்லாயிருச்சு. கட்டிப்பிடிச்சேன், ஒண்ணுமே பண்ணல.”

பிலோமி போனை எடுத்தார். சௌந்தரபாண்டியனுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை எடுத்தார்கள். பின்னால் யாரோ ஒரு பெண் ஓலமிடும் சத்தம் அம்பலவாணன் நின்ற இடம்வரை கேட்டது.

“ஏறுங்கண்ணே” என்றார் பிலோமி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இலை போட்டபடியே கிடந்தது. சாப்பாட்டில் யாரும் கை வைத்திருக்கவில்லை. ஜமீனைப் பின்பக்கம் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். கட்டையால் அடித்திருக்கிறார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மாட்டு டாக்டர் ஒருவர் பெட்டியோடு ஒதுங்கி நின்றார்.

சௌந்தரபாண்டியன் அம்பலவாணனைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

“நீங்க கட்டிப்பிடிச்சதை வந்தவுக எல்லாருக்கும் போன்ல காட்டினேங்க. பேத்தியும் பார்த்துச்சு. அதே மாதிரி போய்க் கட்டிப்பிடிச்சிருக்கு. கன்னம் கிழிஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரியில தையல் போட்டுக்கிட்டிருக்காக.”

அம்பலவாணன் கைகூப்பினார்.

“ஐயா, நாங்களே கொண்டு போயிடுறோம். இனிமே இது யார் கண்ணுலயும் படாது. உயிரை மட்டும் விட்டுருங்கய்யா.”

“எங்க கொண்டு போனாலும் எனக்கு இது உயிரோட இருக்குன்னு தெரியுமே” என்றார் சௌந்தரபாண்டியன்.

அம்பலவாணன் பிலோமியைப் பார்த்தார். பிலோமி வாதாடவில்லை.

“நாயை நான் பிடிச்சுக் குடுக்கிறேன். இனி யாரும் அடிக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

மரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை. ஜமீன் உறுமியது. பிலோமி கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். உறுமல் நின்றது. எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஜமீன் தானாகவே எழுந்து, நொண்டிக்கொண்டு வந்து, அவர் முதுகில் தன் விலாவைச் சாய்த்து நின்றது. பிலோமி திரும்பாமலே வாய்ப்பூட்டைக் காட்டினார். அது முகர்ந்து பார்த்தது. மெதுவாக மாட்டினார். டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்பலவாணன் முகத்தை மூடிக்கொண்டார்.

“மூடாதீங்கண்ணே. பாருங்க” என்றார் பிலோமி.

அவர் பார்த்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் ஜமீன் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பாதி வழியில் அம்பலவாணன்தான் வாயைத் திறந்தார்.

“என் மடியில தலை வச்சுப் படுத்திருந்துச்சே மாஸ்டர்.”

“அப்ப வாய் திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?”

அம்பலவாணன் யோசித்தார். “மூடித்தான் இருந்துச்சு. இறுக்கமா.”

“நாக்கு?”

“அடிக்கடி உதட்டை நக்கிக்கிச்சு. பசியாக்கும்னு நெனச்சேன்.”

“உடம்பு?”

“அசையவே இல்ல. கட்டை மாதிரி.”

“முகம்?”

“அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. வெட்கப்படுதுன்னு...”

“எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க” என்றார் பிலோமி. “விட்டுரு, விட்டுருன்னு அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க பெரிய ஆளு, பொறுத்துக்கிச்சு. பிள்ளைகிட்ட அதுக்குப் பொறுக்க முடியல.”

சாலையோரத்தில் கரும்புச்சாறு வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டிருந்தான். பிலோமி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தழும்புக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எனக்கு அப்ப ஏழு வயசுண்ணே. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருந்துச்சு. குட்டியைத் தூக்கப் போனேன். அது பல்லைக் காட்டிச்சு. சிரிக்குதுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன், எங்கப்பா ஓடி வந்து, ‘அந்த நாயை அடிச்சுக் கொன்னுட்டோம்டா தங்கம், நீ நிம்மதியாத் தூங்கு’ன்னாரு. அம்மா இல்லாத குட்டிகளும் ஒண்ணொண்ணாச் செத்துப்போச்சு. நான் வீட்டுக்கு வந்தப்புறமும் சுவரைத் தாண்டி அதுக சத்தம் கேக்கும். வீட்டுல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க.”

முன்னால் போன மாட்டு வண்டியை ஒதுங்கிக் கடந்தார்.

“நாய் பிடிக்கும்னு நான் இந்த வேலைக்கு வரலண்ணே.”

மைதானத்தின் வேலியோரம் அம்பலவாணனே குழி தோண்டினார். கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை. ஜமீனை இறக்கும்போது, அதன் காதை மடக்கிப் பார்க்க வேண்டும்போல் கை போனது. தொடாமல் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் உள்ளே போய் ஸ்கிரீனை இழுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு போன பழங்களை என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் வெகுநேரம் நின்றுவிட்டு, அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அதன்பிறகும் அவர் வேலைக்கு வந்தார். பிலோமி வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. கூண்டு கழுவினார், சோறு வைத்தார். கருவாயனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு பெண் காரில் பழுப்பு நிற நாயொன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். பிலோமி உள்ளே ஒரு நாய்க்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தார். அம்பலவாணன்தான் கேட்டில் நின்றார். நாய் வாலை ஆட்டிக்கொண்டே வந்து அவர் காலடியில் மல்லாந்து படுத்தது.

“சாருக்கு நல்லாப் பழகின மாதிரி படுக்குதே!” என்று சிரித்தாள் அந்தப் பெண். “வீட்டுல கைக்குழந்தை இருக்கு சார். பயமில்லையே? இது கடிக்காதுல்ல?”

அம்பலவாணன் குனியவில்லை. நாயைப் பார்த்தார். வால் ஆடியது. வாய் மூடியிருந்தது. பயந்த நாய்க்குத் தெரிகிற கண்ணின் வெள்ளை தெரிவதுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பும்வரை பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. இவ்வளவு தூரம் வந்தது இதைக் கேட்கவா என்பதுபோல் பார்த்தாள்.

பிலோமி கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றதை அம்பலவாணன் கவனிக்கவில்லை. பிலோமி அந்தப் பெண்ணை உள்ளே போய் உட்காரச் சொன்னார். அவள் போனதும் அம்பலவாணன் மெல்லத் திரும்பினார்.

“தப்பாச் சொல்லிட்டேனா மாஸ்டர்?”

பிலோமி காலடியில் கிடந்த நாயைப் பார்த்தபடியே சொன்னார்.

“இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கு சௌந்தரபாண்டியன்கிட்ட சொல்லியிருந்தாப் போதும்ணே.”