முதல் வாய்த் தண்ணீர்

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. மழைக்காலத்தில்தான் அது ஆறு. கோடையில் வெறும் மணல். "பிறகு ஏன் அதை ஆறு என்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. அதைவிடப் பெரிய குழப்பமெல்லாம் இந்தக் கதையில் வரப்போகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கோடை வந்தால் வேழம்மா என்ற யானை ஆற்று மணலைக் காலால் உதைத்து, தும்பிக்கையால் வாரி, ஊற்றுத் தோண்டுவாள். எல்லோரும் குடித்துவிட்டுப் போகும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குட்டியோடு வந்தவருக்குத்தான் முதல் வாய். மூக்கையன் என்ற காட்டுப்பன்றி இருக்கிறானே, சரியான பேராசைக்காரன், அவன்கூட அந்த வழக்கத்துக்கு அடங்கி ஒதுங்கி நிற்பான். வேழம்மாவின் கால் அவ்வளவு பெரியது.

அந்த வருடம் காட்டுக்குள் மனிதர்கள் வந்தார்கள். கரையில் ஆழ்துளை போட்டு மோட்டார் இறக்கினார்கள். சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார்கள். கம்பத்தின் மேல் ஒரு சோலார் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். போய்விட்டார்கள். பலகையில் வெயில் பட்டால் மோட்டார் ஓடும், தொட்டியில் தண்ணீர் கொட்டும். இது உங்களுக்குத் தெரியும். விலங்குகளுக்கு யார் சொல்வது?

வெயில் ஏறியதும் மோட்டார் "ட்ர்ர்ர்" என்றது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

தாவான் என்ற குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் அவன். தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று கத்தினான்.

"கேளுங்கள்! நம் கஷ்டமெல்லாம் இன்றோடு ஒழிந்தது! தாகம் இல்லை, சண்டை இல்லை, ஒன்றும் இல்லை! எல்லாவற்றையும் இனி இது பார்த்துக்கொள்ளும்!"

"அப்படியானால் நான் தோண்ட வேண்டாமா?" என்று கேட்டாள் வேழம்மா.

"எதற்கு அக்கா வீண் வேலை? போய் மூங்கில் தின்னுங்கள்."

வேழம்மாவுக்கும் கால் வலிதான். சரியென்று மூங்கில் காட்டுப் பக்கம் போய்விட்டாள். சாயங்காலம் வந்து வயிறு முட்டக் குடிப்பாள், திரும்பிப் போவாள். காவலுக்கு நிற்பதில்லை. தண்ணீர்தான் தானாக வருகிறதே, காவல் எதற்கு என்று நினைத்துவிட்டாள்.

மூக்கையன் விடுவானா? மறுநாளே தன் கூட்டத்தோடு தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். பகலெல்லாம் அங்கேயே புரண்டான். கிட்டே வந்தவரிடம் கோரைப் பல்லைக் காட்டினான். பெரிய விலங்குகள் எப்படியோ முட்டி மோதி இரண்டு வாய் குடித்தன.

பூவாயி என்ற புள்ளிமானுக்குத்தான் வழி இல்லை. அவளுடைய குட்டி சிட்டுவுக்குத் தொட்டி எட்டவில்லை. பூவாயிக்கோ குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பாலும் வற்றிவிட்டது. சிட்டுவின் நாக்கு வறண்டு வெளுத்துப்போனது.

"மூக்கையண்ணே, குட்டிக்கு முதல் வாய் என்பது வழக்கமாயிற்றே?" என்று கெஞ்சினாள் பூவாயி.

"அது ஊற்றுக்கு உள்ள வழக்கம். இது தொட்டி. தொட்டிக்கு என்ன வழக்கம் என்று யாராவது சொன்னார்களா?"

பூவாயி யோசித்தாள். யாரும் சொல்லவில்லைதான். அவள் குரங்கிடம் ஓடினாள்.

"என்னிடம் ஏன் வருகிறாய்? இயந்திரத்திடம் சொல். தண்ணீர் கொடுத்தது அதுதானே? நியாயத்தையும் அதுவே கொடுக்கும்" என்றான் தாவான்.

பூவாயி கம்பத்தின் அடியில் நின்று தன் குறையெல்லாம் சொன்னாள். குட்டியை முன்னால் நிறுத்திக் காட்டினாள். மோட்டார் "ட்ர்ர்ர்" என்றது.

"கேட்டாயா? சரி என்கிறது!" என்றான் தாவான்.

"மண்ணாங்கட்டி! முடியாது என்கிறது" என்று உறுமினான் முனியன் என்ற கரடி. அவனுக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். "இந்தச் சனியன் வந்த பிறகுதான் இத்தனை வம்பும். நாலு அடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

"உடைத்தால் தண்ணீர்?" என்று கேட்டாள் பூவாயி.

"தண்ணீர்... அது..." கரடி தலையைச் சொறிந்தான். "அது எனக்குத் தெரியாது. ஆனால் உடைக்க வேண்டும்."

பூவாயிக்கு அழுகையாக வந்தது. இது வந்ததால் தண்ணீர் வந்தது. இது வந்ததால் என் குட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. இதை நான் கும்பிடுவதா, திட்டுவதா என்று குழம்பினாள். எனக்கும்தான் தெரியவில்லை, குழந்தைகளே. உங்களுக்குத் தெரிந்தால் கதை முடிந்ததும் சொல்லுங்கள்.

அடுத்த நாள் உச்சிவெயில். தாவான் கம்பத்தில் ஏறிப் பலகையைத் தொட்டான். "ஐயோ!" என்று கையை உதறினான்.

"அடப் பாவமே! உடம்பு அனலாய்க் கொதிக்கிறது! இதற்குக் காய்ச்சல்! அதனால்தான் நியாயம் சொல்ல முடியாமல் முனகுகிறது. ஓடுங்கள், தேக்கிலை கொண்டு வாருங்கள்! நிழல் போடுவோம்!"

குரங்குகள் கிளையோடு இலைகளை ஒடித்துக்கொண்டு வந்து பலகை முழுவதையும் போர்த்தின. பாசத்தில் குறை வைக்கவில்லை. ஓர் ஓரத்தில்கூட வெயில் படாதபடி நன்றாகவே போர்த்தின. மோட்டார் "ட்ர்ர்" என்றது, "ட்ர்" என்றது, நின்றுவிட்டது.

"பார்த்தீர்களா? நிம்மதியாகத் தூங்குகிறது" என்றான் தாவான்.

சாயங்காலம்வரை அது எழுந்திருக்கவில்லை. விடிந்தது, வெயிலும் ஏறியது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. இருந்த தண்ணீரெல்லாம் மூக்கையன் கூட்டத்துக்கே போதவில்லை. தொட்டியில் மிஞ்சியது சேறுதான்.

"செத்துவிட்டது" என்றான் கரடி. "நான் அப்போதே சொன்னேன்."

"நீ திட்டியதால் கோபித்துக்கொண்டது!" என்றான் குரங்கு.

"நீ தொட்டதால் செத்தது!"

இரண்டு பேரும் இப்படிக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தபோது சிட்டு தொட்டியருகே முன்னங்கால் மடங்கி விழுந்தது. பூவாயி அதை முட்டி எழுப்பிப் பார்த்தாள். அது எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

பூவாயி மூங்கில் காட்டுக்கு ஓடினாள், ஓட்டமான ஓட்டம்.

"வேழம்மாக்கா! என் பிள்ளை போய்விடும்போல் இருக்கிறது! ஊற்றுத் தோண்டு, அக்கா!"

வேழம்மா பதறிக்கொண்டு வந்தாள். மணலை உதைத்தாள், வாரினாள், முழங்கால் அளவு பள்ளம் தோண்டினாள். ஈரம்கூட இல்லை. இன்னும் தோண்டினாள். உலர்ந்த மணல் சரசரவென்று சரிந்து பள்ளத்தை மூடியது. மோட்டார் உறிஞ்சியதால் ஊற்று இறங்கிவிட்டதா, மழை பொய்த்ததால் இறங்கிவிட்டதா? யாருக்கும் தெரியவில்லை. வேழம்மாவுக்கே தெரியவில்லை.

"என்னால் முடியவில்லை, பூவாயி" என்று திகைத்து நின்றாள் அவள். இத்தனை வருடத்தில் அவள் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை.

தோண்டித் தோண்டி அவளுக்கு நல்ல பசி. எதிரே கம்பத்தின் மேல் தேக்கிலை குவிந்திருந்தது. பாதி வாடியிருந்தாலும் பசிக்கு ருசி ஏது? தும்பிக்கையை நீட்டி ஒரே இழுப்பாக இழுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பலகையில் வெயில் பட்டது. "ட்ர்ர்ர்!"

"கோபம் தணிந்துவிட்டது!" என்று குதித்தான் குரங்கு.

"செத்தது எப்படி எழுந்தது?" என்று வாயைப் பிளந்தான் கரடி.

அவர்கள் அதைப் பேசித் தீர்க்கட்டும். தண்ணீர் தொட்டியில் விழுந்ததுமே முதலில் பாய்ந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? மூக்கையனேதான்! கூட்டத்தோடு உள்ளே இறங்கி, வாயை அகலத் திறந்துகொண்டு குழாயின் அடியில் படுத்துவிட்டான்.

பூவாயி இதைப் பார்த்தாள். இவ்வளவு நாள் கெஞ்சிய குரல் இப்போது கத்தியது.

"தண்ணீர் இல்லாதபோதும் என் பிள்ளைக்கு இல்லை! தண்ணீர் கொட்டும்போதும் என் பிள்ளைக்கு இல்லை! அப்படியானால் என் பிள்ளைக்கு எப்போதுதான் தண்ணீர்?"

மோட்டார் "ட்ர்ர்ர்" என்று ஓடிக்கொண்டிருந்தது.

வேழம்மா மெல்ல நடந்து வந்து தன் முன்னங்காலைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"மூக்கையா, வெளியே வா. குட்டிக்குத்தான் முதல் வாய்."

"அது ஊற்றின் வழக்கம், அக்கா. இது தொட்டி..."

"தொட்டி புதுசு. தாகம் பழசுதானே?"

மூக்கையன் அந்தக் காலைப் பார்த்தான். வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினான். அவன் பின்னாலேயே கூட்டமும் வெளியேறியது.

அப்போதும் சிட்டுவால் எழுந்து வர முடியவில்லை. வேழம்மா அதன் முகத்துக்கு அருகில், பன்றிகள் சிந்திய தண்ணீரில் ஈரமான மண்ணில் காலை ஊன்றி அழுத்தினாள். வட்டமாக ஒரு குழி விழுந்தது. குழாயில் தும்பிக்கை நிறைய நல்ல தண்ணீர் பிடித்து அந்தக் குழியில் விட்டாள்.

சிட்டு மூக்கை நுழைத்தது. ஒரு மிடறு குடித்தது. இருமியது. மறுபடி குடித்தது. பூவாயி அதன் முதுகை நக்கிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், எதற்கு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

தாவான் மெதுவாக வேழம்மாவின் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த இயந்திரம் நல்லதா, கெட்டதா?"

வேழம்மா குழியில் இன்னொரு முறை தண்ணீர் விட்டாள்.

"எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது, தம்பி. நீ போய், அடுத்து யார் குட்டியோடு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டிக்கொண்டு வா."

அன்றுமுதல் எல்லோரும் குடித்து முடிக்கும்வரை வேழம்மா தொட்டியருகே நின்றாள். கால் வலித்தது. ஆனாலும் நின்றாள்.

நீதி: தண்ணீரைக் கொண்டுவரக் கருவிக்குத் தெரியும், முதல் வாய் யாருக்கு என்பதை நாம்தான் நின்று பார்க்க வேண்டும்.