எந்தக் கூண்டு தூங்கியது?

பேராசிரியர் அறவாழியின் ஆய்வுக்கூடத்தில் சோதனை சொதப்பினால் யார் தலையாவது உருண்டாக வேண்டும். அந்த வருடம் உருண்டது ஆராய்ச்சி மாணவி ரெஜினாவின் தலை.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், தூங்கினால் குறையும். இதை எலிகளை வைத்துக் காட்டத்தான் சோதனை. எலிக்குப் பகல்தான் தூக்கம். ஆகவே பகல் முழுக்க ரெஜினா ஒரு கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எலிகள் சொக்கும்போதெல்லாம் கூண்டைத் தட்டித் தட்டி எழுப்பினாள். அவளுக்கே பாவமாக இருந்தது. இன்னொரு கூண்டு எலிகள் இஷ்டம்போல் தூங்கலாம். அதற்குப் பொறுப்பான குமரகுரு தண்ணீர் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். ஏசி ஒரே ஓர் அறையில்தான் இருக்கிறது என்று, இரண்டு கூண்டையும் ஒரே மேசையில் ஒட்டி வைக்கச் சொன்னவர் அறவாழி.

மாலையில் எலிகளைக் கொன்று மூளையைச் சோதித்தார்கள். இரண்டு கூண்டிலும் அடினோசின் ஒரே அளவு. சோதனையில் சேராமல் விலங்குக் கூடத்தில் நிம்மதியாகத் தூங்கிய எலிகளுக்கு அதே மெஷின் காட்டியதைவிட மிக அதிகம். ஆனால் அறவாழி கூண்டுக்கும் கூண்டுக்கும் வித்தியாசம் வந்ததா என்று மட்டுமே பார்க்கிறவர்.

"நீ தூங்கிட்டம்மா. அதுங்களும் நல்லாத் தூங்கிடுச்சு. அப்புறம் ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்!" என்று கத்தினார்.

"சத்தியமா கண்ண மூடல சார். அதுங்களையும் தூங்க விடல."

"மெஷின் கோளாறா இருக்கும் சார்" என்று முனகினான் குமரகுரு.

மறுநாளே ரெஜினாவை ஆய்விலிருந்து நீக்கினார். முக்கால்வாசி முடித்திருந்த பட்டம் போயிற்று. வயிறெரிய வீட்டுக்குப் போனாள்.

மூன்று பேர், மூன்று பேச்சு. இதில் யார் சொன்னது சரி? தப்பு யாருடையது?

விடை: ரெஜினா தூங்கி, எலிகளும் தூங்கியிருந்தால் இரண்டு கூண்டிலும் அளவு குறைந்திருக்கும், கூடியல்லவா இருந்தது! தூங்கிய எலிகளுக்குக் குறைவாகக் காட்டிய மெஷின் மீதும் குற்றமில்லை. அவள் தட்டிய தட்டில் பக்கத்துக் கூண்டும் தூங்கவில்லை. ரெஜினா சொன்னதே சரி. தப்பு, ஒட்டி வைக்கச் சொன்னவருடையது. அது அவருக்கும் பிறகு புரிந்தது. இன்னோர் ஏசி வாங்கி, கூண்டுகளைத் தனித்தனி அறையில் வைத்தார். முடிவு எதிர்பார்த்தபடி அச்சடித்தாற்போல் வந்தது. கட்டுரையில் அவர் பெயர் இருந்தது, குமரகுருவின் பெயர் இருந்தது. ரெஜினாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.