கீரியின் ட்ரையல் பந்துகள்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த திரு. ஞானப்பிரகாசம். அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் அவ்வாறே சொல்கிறேன்.

ஒரு காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் விலங்குகள் வாழ்ந்தன. கோடையில் குளம் வற்றிக் குட்டையாகிவிடும். காலையில் முதலில் இறங்கும் கரைக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். அடுத்து எருமைகள் இறங்கும். அதன்பின் வரும் கரைக்குச் சேறுதான்.

எந்தக் கரை முதலில் இறங்குவது என்பதை ஆண்டுதோறும் பங்குனியில், குளத்தின் காய்ந்த தரையில் நடக்கும் ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடிவு செய்தது. பனைமட்டைதான் மட்டை, காய்ந்த விளாங்காய்தான் பந்து, நட்டு வைத்த குச்சிதான் விக்கெட். நடுவர், எருமை. எக்கரை வென்றாலும் இரண்டாவதாக இறங்கப்போவது எருமையே. ஆகவே, அதைவிட நடுநிலையான நடுவர் அக்காட்டில் இல்லை.

ஓர் ஆண்டு கிழக்குக் கரை தோற்றது. சேற்றுநீர் குடித்து, அணிலின் நான்கு குட்டிகளும் பத்து நாள் எழவில்லை. இன்னொரு கோடை அவ்வாறு கழிந்தால் அவை பிழைப்பது அரிது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்நிலையில் கிழக்குக் கரைக்கு ஒரு கீரி குடிவந்தது. அது மட்டையைச் சுழற்றினால் பந்து புளியமரத்தைத் தாண்டி விழும். கரையோரம் நின்ற கொக்குகள் இரண்டும் இரை தேடுவதையே நிறுத்திவிட்டன.

"என்ன வீச்சு! என்ன வீச்சு!" என்றது ஒரு கொக்கு.

"தண்ணீர் நமக்குத்தான். குட்டிகளிடம் சொல்லிவிடு அணிலக்கா!" என்றது மற்றொன்று.

அணில் சொல்லியும் விட்டது.

ஒரு நாள் பயிற்சியில், அணித் தலைவியான முள்ளம்பன்றி ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்டது. அது தரையோடு தாழ்ந்து வந்து குச்சியைச் சாய்த்தது.

"அவுட்!" என்றது உடும்பு.

"ட்ரையல்!" என்றது கீரி.

மட்டை பிடிப்பவருக்கு முதல் பந்து கணக்கில்லை என்பது அக்கரையின் வழக்கம். அதற்குத்தான் ட்ரையல் என்று பெயர். அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் வைக்க ஆமை முயன்றது, யாரும் கேட்கவில்லை. ஆனால், அப்போது கீரி ஆடியது பதினேழாவது பந்து.

"பதினேழாவது பந்து எப்படியண்ணே ட்ரையல் ஆகும்?" என்று கேட்டது உடும்பு.

"அடித்திருந்தால் ஆகியிருக்காது" என்றது கீரி.

"விடப்பா! அவன் வெளியே போனால் நாங்கள் யாரைப் பார்ப்பது? உன்னையா?" என்றன கொக்குகள்.

உடும்பு குச்சியை நட்டு வைத்தது. அன்றிலிருந்து கீரி அடித்த பந்தெல்லாம் கணக்கில் சேர்ந்தது. குச்சியைச் சாய்த்த பந்தெல்லாம் ட்ரையல் ஆயிற்று. ஆகவே, ஓராண்டுப் பயிற்சியில் கீரி ஒருமுறைகூட ஆட்டமிழக்கவில்லை. அணில் கடைசியாக ஆட வேண்டியது. அதன் முறை வருவதற்குள் நாள்தோறும் பொழுது சாய்ந்துவிடும். அது பந்து பொறுக்கியது. ஆமை மட்டும் பாறையில் ஏதோ கீறிக்கொண்டிருந்தது. மேற்குக் கரை ஓணான் வேலியில் அமர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தது.

பங்குனி வந்தது. மேற்குக் கரை முப்பத்தொரு ஓட்டம் எடுத்தது.

"முப்பத்தொன்றா? கீரிக்கு அது காலைச் சிற்றுண்டி!" என்றது கொக்கு.

ஓணான் பந்து வீச வந்தது. அதற்கு ஒரே ஒரு பந்துதான் வீசத் தெரியும். அது மெதுவாக வந்தது, தாழ்ந்து வந்தது. குச்சி சாய்ந்தது.

"ட்ரையல்!" என்றது கீரி.

"அப்படியென்றால் என்ன?" என்று கேட்டது எருமை.

"முதல் பந்து கணக்கில்லை. எங்கள் கரையில் அதுதான் வழக்கம்!"

"இது உங்கள் கரை இல்லை, தம்பி. இது நடுக்குளம். நகர்ந்து நில், அடுத்தவர் வர வேண்டும்."

மற்றவர்கள் விழுந்து எழுந்து ஆடினார்கள். முள்ளம்பன்றி முதுகில் பட்ட பந்துக்கெல்லாம் ஓடியது. ஒன்பது விக்கெட் விழுந்தபோது முப்பது ஓட்டம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு எடுத்தால் தெளிந்த நீர். கடைசியாக அணில் வந்தது.

"தலைவி, இதை எந்தப் பக்கம் பிடிப்பது?" என்று கேட்டது.

"என்ன அக்கா, விளையாடுகிறாயா?"

"இல்லை. ஓராண்டாக விளையாடவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்."

முள்ளம்பன்றி மட்டையைத் திருப்பிக் கையில் கொடுத்தது. ஓணானின் பந்து மெதுவாக வந்தது. அணில் மட்டையைத் தூக்கி முடிப்பதற்குள் குச்சி சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை, மேற்குக் கரை குடித்தது. எருமைகள் புரண்டன. அதன்பின் கிழக்குக் கரை வரிசையில் நின்றது.

"நேற்று வெயில் கண்ணில் பட்டது" என்றது கீரி.

"ஓணான் கிழக்கே இருந்து வீசியது. ஆட்டம் நடந்தது மாலையில்" என்றது ஆமை. "வா, ஒன்று காட்டுகிறேன்."

பாறை முழுவதும் கீறல்கள் இருந்தன, மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று.

"இவை என்ன?"

"நீ அவுட்டான பந்துகள்."

"அவையெல்லாம் ட்ரையல்!"

"இருக்கட்டும். எல்லாமே மெதுவாகத் தாழ்ந்து வந்தவை. கணக்கில்லை என்பதால் நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் ஆட்டம் போதும் என்பதால் இவர்களும் பார்க்கவில்லை. ஓணான் பார்த்தது. ஒவ்வொன்றும் அணிலுக்குப் போயிருக்க வேண்டிய பந்து."

கீரி பாறையைப் பார்த்தது. பிறகு குட்டையைப் பார்த்தது. அணில் ஆலிலையில் சேற்றை ஏந்தி, தெளியட்டும் என்று காத்திருந்தது. நான்கு குட்டிகளும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கீரி அன்று இரவெல்லாம் குளக்கரையில் ஊற்று ஒன்று தோண்டியது. கீரிக்குத் தோண்டத் தெரியும் என்பது அதுவரை அதன் நினைவுக்கே வரவில்லை. ஊற்றில் குட்டிகளுக்கு மட்டும் போதுமான நீர் கசிந்தது. குட்டிகள் பிழைத்தன. பிறகு ஒரு மாலை, கீரி விளாங்காயை எடுத்துக்கொண்டு வந்து நின்றது.

"அணிலக்கா, மட்டையை எடு. மெதுவாகத்தான் வீசுவேன், தாழ்ந்துதான் வரும்."

"ட்ரையலா?" என்று கேட்டது அணில்.

"இல்லை."

நாளுக்கு மூன்று பந்து. தவறிய பந்தைக் கீரியே பொறுக்கியது.

அடுத்த பங்குனியில் கிழக்குக் கரை வென்றது. வெற்றி ஓட்டத்தை எடுத்தது அணில். கீரி எடுத்தது பதினொன்று. அதற்கு அடுத்த ஆண்டு ஒன்பது. "அவன் மட்டும் ஒழுங்காக ஆடியிருந்தால்!" என்று கொக்குகள் இன்றும் பெருமூச்சு விடுகின்றன. ஒழுங்காக ஆட வேண்டாம் என்று அன்று சொன்னவை தாமே என்பதை அவை மறந்துவிட்டன.

தன் பிழைகளைக் கணக்கில் சேர்க்காதவனின் திறமையையும் உலகம் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்பத்தொரு மாலைகளில் கீரி அணிலுக்குத் திருப்பிக் கொடுத்தவை, இருநூற்று நாற்பத்து மூன்று பந்துகள்.