ஆள்காட்டி மறைத்த பன்னிரண்டு நடை

காட்டுக் குட்டையின் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் அது குட்டையில் இறங்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, முட்டைகளின் மேல் உட்காரும். வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று நடை போதும்.

இந்த வருஷம் மாசியே சித்திரை மாதிரி காய்ந்தது. மூன்று நடை ஆறானது. ஆறு பன்னிரண்டானது. தண்ணீரும் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போனது.

குட்டை வற்றிவிடுமோ என்று ஆள்காட்டிக்குப் பயம். ஆனாலும் வாய் திறக்கவில்லை. போன வருஷம் "குட்டை வத்தப் போகுது!" என்று அது ஊரைக் கூட்ட, மூன்றாம் நாளே கோடை மழை கொட்டிவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பைக் கொக்கு இன்னும் நிறுத்தவில்லை.

"என்ன ஆள்காட்டி, இந்த வருஷம் உலகம் எப்போ அழியுது? சொன்னீன்னா குளிச்சிட்டுத் தயாரா இருப்பேன்!" என்றது கொக்கு. தண்ணீர் குறையக் குறைய மீன் சுளுவாகச் சிக்கியதில் அதற்குத் தொப்பையே விழுந்திருந்தது.

ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டது.

அன்று மத்தியானம் விரால் மீன் கரையோரம் தலையை நீட்டியது. அதன் பின்னால் சிவப்புச் சிவப்பாய் ஒரு கூட்டம் குஞ்சுகள்.

"அக்கா, வெயில் இப்படி அடிக்குதே! இந்தக் குட்டை தாங்குமா? பெரிய மடுவுக்குப் போற வாய்க்கால்ல இன்னும் தண்ணி இருக்கு. பிள்ளைங்களை இப்பவே கூட்டிட்டுப் போயிடவா? வழியெல்லாம் பாம்பு வேற. வீணாக் கிளம்பி நாலு பிள்ளையைப் பறிகொடுக்கவும் மனசில்லை. நீ தினமும் இங்க நடக்கிறவ. உனக்கு என்ன தோணுது?"

பன்னிரண்டு நடை என்று சொல்ல, ஆள்காட்டிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே கொக்கு ஒற்றைக் காலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் மழை வந்துவிட்டால்?

"எனக்கென்னம்மா தெரியும்? வெயில்னா அடிக்கத்தான் செய்யும். இரு, பார்க்கலாம்."

"நீயே சொல்லிட்டே, அப்புறம் என்ன!" விரால் நிம்மதியாகத் திரும்பிப் போனது.

எட்டாம் நாள் வாய்க்கால் வறண்டு வெடித்தது. மழை வரவில்லை. குட்டை ஒரு சேற்றுக் குழியாகச் சுருங்கிக் கொதித்தது. கொக்கு சாவகாசமாக நின்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. ஆள்காட்டி கத்தியது. பாய்ந்து பாய்ந்து கொத்தியது. என்ன செய்து என்ன!

விராலுக்குச் சேற்றிலும் உயிர் நிற்கும். தாய் மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

ஆள்காட்டி தயங்கித் தயங்கிக் கிட்டே போனது. "உங்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். முட்டையை நனைக்கிற நடை அன்னிக்கே மூணுலேர்ந்து பன்னிரண்டாயிருச்சு. குட்டை வத்துமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தப்பாப் போனா கொக்கு சிரிக்குமேன்னு..."

விரால் சேற்றிலிருந்து தலையைத் தூக்கியது.

"போறதா இருக்கிறதான்னு பெத்தவ நான் முடிவு பண்ணியிருப்பேனே அக்கா. நீ பார்த்ததை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

ஆள்காட்டி முட்டைகளிடம் திரும்பி வந்தது. ஒரு முட்டைக்குள் குஞ்சு ஓட்டைத் தட்டத் தொடங்கியிருந்தது. இதன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று, அது கூசிப்போய் இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

நாளைக்கு நடப்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதற்காக, கண்ணால் கண்டதையும் நாலு பேர் சிரிப்பார்களே என்று மறைத்தால், அடுத்தவர் பிள்ளைக்கு நாமே எமனாவோம்.