காற்று வாங்கிய சென்சார்

"எந்த சென்சாரைத்தான் நம்புறது டீச்சர்?" என்று கேட்டார் பூமிநாதன், எரிந்துபோன ஆம்ப்ளிஃபயரை மேசைமேல் வைத்தபடி.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின், வீட்டிலேயே பாட்டு செட் செய்து பார்க்கும் ஆசையில், எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் ரெஜினா டீச்சரிடம் கற்க வந்தவர். டீச்சர் வயதில் இளையவர். இருந்தாலும் இவர் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கைகட்டித்தான் நிற்பார்.

"சூடு பார்க்க தெர்மிஸ்டர் போட்டேன், செட் எரிஞ்சுது. ஐசி சென்சார் போட்டேன், அப்பவும் செட் எரிஞ்சுது. தெர்மோகப்பிள் வாங்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க, சாயங்காலம் மகளை பஸ் ஏத்தணும்."

"நேத்துதானே வந்தா?"

"கோவிச்சுக்கிட்டு வந்தா. மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். 'ஒண்ணுமில்ல மாமா, அனுப்பி வைங்க'ன்னார். தங்கமான பையன்."

டீச்சர் பெட்டியைத் திறந்தார். கருகல் நாற்றம் குப்பென்று வந்தது. டிரான்சிஸ்டர்கள் வெடித்துக் கிடந்தன. சென்சார் மட்டும் மினுமினுவென்று ஃபேன் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பிடுங்கி மீட்டரில் மாட்டி, உள்ளங்கையில் பொத்தினார். எண் ஏறியது.

"இது நல்லாத்தான் இருக்கு."

"அதான் எனக்கும் புரியல டீச்சர். எரியிற வரைக்கும் முப்பத்தஞ்சு டிகிரிதான் காட்டுச்சு."

"சூடாகுற டிரான்சிஸ்டரை ஒட்டி ஏன் வைக்கல?"

பூமிநாதன் நெளிந்தார்.

"முதல்ல அங்கதான் வச்சேன். சும்மா சும்மா சூடுன்னு செட்டை நிறுத்திடுது. ஒரு பாட்டு முழுசா கேட்க முடியல. இங்க மாத்தினதும்தான் நிம்மதி."

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. கருகிய டிரான்சிஸ்டர் ஒன்றைப் பெயர்த்து அவர் கையில் வைத்தார்.

"'ஏன் வந்தே'ன்னு மகள்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா அழுவா டீச்சர். எனக்குத் தாங்காது. அதான் மாப்பிள்ளைகிட்டயே…"

பாதியில் கையிலிருந்த கருகிய டிரான்சிஸ்டரைப் பார்த்தார்.

டீச்சர் மீட்டரை அணைத்தார்.

பூமிநாதன் வீட்டுக்கு போன் போட்டார். மனைவிதான் எடுத்தாள்.

"அவகிட்ட குடு."

"அவ மத்தியானமே கிளம்பிட்டாளே. அப்பாவுக்கு எதுக்கு அலைச்சல்னு தனியாவே போயிட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொன்னா."