மீதிப் பக்கங்கள்

சிறைக் கைதிகளைப் பார்த்துவந்த குரு, தணிகை என்ற தூக்குக் கைதி எழுதிய தாள்களைச் சீடர் மெய்யப்பனிடம் கொடுத்தார். மெய்யப்பன் குருவைவிட வயதில் மூத்தவர். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசிரமத்துக்கு வந்தவர்.

அவர் படித்தார்.

‘தூக்குக்குக் கூட்டிப்போக விடியற்காலையில் காலடிச் சத்தம் வரும். அது அடுத்த அறை வாசலில் நின்றுவிட்டால் மனசுக்குள் ஒரு சந்தோஷம். பிறகு நாளெல்லாம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கம்.’

மெய்யப்பன் அழுதார்.

“இவன் என்ன செய்தான், சுவாமி?”

“திருடப் போன இடத்தில் காவலாளியை அடித்துக் கொன்றான்.”

மறுநாள் மெய்யப்பன் மீண்டும் வந்தார்.

“அதே வரிகளை இன்றும் படித்தேன். ஆத்திரம்தான் வந்தது. நேற்று அழுதது சரியா, இன்று கொதித்தது சரியா?”

“அந்தக் காவலாளியின் மனைவி செல்லக்கிளி, அவன் என்னதான் எழுதியிருக்கிறான் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. போய்ப் படித்துக் காட்டுங்கள்.”

மெய்யப்பன் போனார். அவர் படிக்க, செல்லக்கிளி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

‘சோற்றில் கல் கடிபட்டால் இன்னும் கோபம் வருகிறது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?’

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கல்லு கடிச்சா தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சிடுவார்.”

சிரிப்பு பாதியில் நின்றது. முகம் இறுகியது.

“இவனைத் தூக்குல போடத்தாங்க வேணும்.”

மெய்யப்பன் தாள்களை மடித்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? மீதியையும் படிங்க.”

படித்து முடித்து எழுந்தபோது அவள் சொன்னாள்: “எழுதினதை நான் முழுசும் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

மெய்யப்பன் குருவிடம் திரும்பினார்.

“சுவாமி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சாக வேண்டும் என்றாள். அவன் எழுதியதை ஒரு வரி விடாமல் கேட்டாள். அவள் மனதில் என்னதான் இருக்கிறது?”

“அவளிடம் கேட்டீர்களா?”

“வாய் வரவில்லை. நாளை சிறைக்குப் போய் அவனிடம் நான் என்ன சொல்வது?”

“அவள் முழுவதும் கேட்டாள் என்று சொல்லுங்கள்.”

“தூக்கில் போட வேண்டும் என்றாளே, அதையுமா?”



“அதை மறைத்தால், அவள் கேட்டாள் என்பதும் பொய்யாகிவிடும்.”