நீலப் பட்டு

நிறுத்தினால் கோல், சுழற்றினால் குடை. மழையில் நனைவீர்கள், அடி மட்டும் படாது. அது என்ன?

சிலம்பக் கம்பு என்று சொன்னவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது கம்பு சுற்றிய பூரணியின் கதை.

பதினொரு வயதுப் பூரணிக்குச் சிலம்பம் கற்றுத்தந்தவர் லூர்துமேரி. பிள்ளைகளுக்கு அவர் 'மாஸ்டர்'. ஒரு சனிக்கிழமை, வகுப்பு முழுவதையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் ஒரு சீனச் சண்டைப் படம் காட்டினார்.

படமா அது! உறைந்துபோன ஏரி. வெள்ளை வெளேரென்று பனி. சிவப்புப் பட்டில் ஒருத்தி, நீலப் பட்டில் ஒருத்தி. சிவப்பு எழும்பியது. அதன் நீண்ட சட்டைக்கை வானத்தில் கோடு இழுத்தது. ஒரே உதை. நீலம் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சறுக்கிப்போய் விழுந்தது. பூரணி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "மாஸ்டர், ஆண்டு விழாவுல நான்தானே சிவப்பு?"

பள்ளி ஆண்டு விழாவில் பூரணியும் சாஹிதாவும் ஜோடிச் சிலம்பம் ஆட வேண்டும். முடிவில் ஒருத்தி விழ வேண்டும். யார் என்று மாஸ்டர் இன்னும் சொல்லவில்லை.

"அப்பா மஸ்கட்டுல இருந்து வர்றாங்க மாஸ்டர். நான் கம்பு சுத்தி அவங்க பாத்ததே இல்ல. முதமுதல்ல நான் விழுறதையா பாக்கணும்?"

"அந்த நீலப் பொண்ணைப் பாத்தியா?"

"அவதான் தோத்துட்டாளே. அவளை எதுக்குப் பாக்கணும்?"

"யம்மா, இவ இப்பவே ஜெயிச்சுட்டா!" என்றாள் சாஹிதா.



மறுநாள் காலை கடற்கரையில் வகுப்பு. வலை பின்னுகிறவர்களுக்கு இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. யாரும் தலை தூக்கவில்லை.

"என்னை அடி. மெதுவா," என்றார் மாஸ்டர்.

பூரணி மெதுவாகத்தான் வீசினாள். கம்பும் கம்பும் தொட்டதோ இல்லையோ, மாஸ்டரின் கால்கள் மண்ணைவிட்டு எழுந்தன. உடல் ஒரு சுற்று சுற்றியது. தோளில் விழுந்து, மணலைக் கிளப்பி உருண்டு, அலை ஓரத்தில் போய்க் கிடந்தார். கம்பு மட்டும் கையிலேயே இருந்தது.

வலைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "யாரு வீட்டுப் புள்ள இது? ஆசானையே தூக்கி வீசிட்டாளே!"

பூரணி தன் கையைப் பார்த்தாள். "அவ்வளவு வேகமாவா அடிச்சேன்?"

"ஈ ஓட்டுற மாதிரி அடிச்ச."

"பின்ன எப்படி?"

"நான் விழுந்தேன்."

பூரணி மாஸ்டர் உருண்டுபோன தடத்தை அலை ஓரம்வரை பார்த்தாள். பிறகு சாஹிதாவின் முன்னால் போய், "அடிடி," என்றாள்.

முதல் தடவை பொத்தென்று விழுந்தாள். "பலாப்பழம்!" என்று சாஹிதா சிரித்தாள். பூரணி எழுந்தாள், விழுந்தாள். வெயில் ஏறியது. ஒரு தடவை அவள் சுழன்று போய் விழுந்தபோது சாஹிதா சிரிக்கவில்லை. தன் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பூரணி மணலைத் தட்டிக்கொண்டு வந்தாள். "சாஹிதாவுக்கு இது வருமா மாஸ்டர்?"

"அடிக்க வரும். விழ இன்னும் ஒரு வருஷமாகும்."

"எனக்கு?"

"உனக்கு ரெண்டும் வரும். அதான் உன்கிட்ட கேக்கேன். எது வேணும்?"

"அப்பா வருவாங்களே..."

"எங்க உக்காருவாங்கன்னு கேட்டு வை. அந்தப் பக்கமாவே விழலாம்."

பூரணி விழுவதைத் தேர்ந்துகொண்டாள்.